வாடகை வீடு பார்க்கப் போனால் முதலில் கிணற்றடிக்குப் போங்கள்

யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் அறை எத்தனை, கிணற்றுத் தண்ணீர் உவரா நன்னீரா, அட்வான்ஸ் எத்தனை மாதம் என்று விசாரிப்பார்கள். தவழத் தொடங்கியதிலிருந்து ஐந்து வயது வரையான பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால், கதவைத் திறந்து அறைகளைப் பார்க்கும் முன்பே வளவை ஒருமுறை சுற்றி வாருங்கள். வீட்டுக்குள் இருக்கும் ஆபத்துகளை மேசையை நகர்த்தியோ அலுமாரியைப் பூட்டியோ நாங்களே சரிசெய்துவிடலாம். வெளியில் இருப்பவற்றை அப்படிச் செய்ய முடியாது. கிணற்றுக்கட்டு, மதில், கேற், மாடிப்படி, மலக்குழி எல்லாமே வீட்டுக்காரரின் சொத்து. ஒரு கல்லைப் பெயர்க்கவும் அவரிடம் கேட்க வேண்டும். அவரோ பெரும்பாலும் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார். சாவி அவருடைய சொந்தக்காரர் ஒருவரிடம் இருக்கும்.

"பிள்ளையில கண் வைச்சிருங்கோ" என்று எல்லோரும் சொல்வார்கள். வைத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் அடுப்பில் பால் பொங்கும், போன் அடிக்கும், கேற்றடியில் மீன்காரர் கூப்பிடுவார். இரண்டு வயதுப் பிள்ளை குசினி வாசலிலிருந்து கிணற்றடிக்குப் போய்ச்சேர அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தில் பிள்ளைக்கும் தண்ணீருக்கும் நடுவில், பிள்ளையால் திறக்க முடியாத ஏதோ ஒன்று நிற்க வேண்டும். அதை எப்படிச் செய்வது, வாடகைக்கு இருக்கிறவர் எவ்வளவு தூரம் செய்யலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

கிணறு

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தேங்கும் மழைநீரை நம்பித்தான் காலங்காலமாக வாழ்ந்து வருகிறோம். அதனால் வளவுக்கு ஒரு கிணறு. குழாய்நீர் வந்த வீடுகளிலும் கிணற்றை யாரும் தூர்ப்பதில்லை. மாரியில், கார்த்திகை மார்கழியில், நீர்மட்டம் ஏறும். பள்ளமான வளவுகளில் கட்டின் அருகுக்கே வந்துவிடும். கோடையில் ஆழத்தில் கிடக்கும் தண்ணீர் மாரியில் முகம் தெரியும் அளவுக்கு மேலே வரும்போது, பிள்ளைக்கு எட்டிப் பார்க்கும் ஆசையும் கூடும்.

கட்டின் உயரத்தை அளக்கும்போது ஒரு பிழை நடக்கிறது: நிலத்திலிருந்து அளப்பார்கள். பிள்ளை ஏறி நிற்கக்கூடிய இடத்திலிருந்துதான் அளக்க வேண்டும். கிணற்றுக்கட்டு மூன்று அடி என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் உடுப்புத் தோய்க்கிற கல் ஒன்றரை அடி உயரத்தில் இருக்கிறது. அதில் ஏறி நிற்கும் பிள்ளைக்குக் கட்டின் உயரம் வெறும் ஒன்றரை அடி. இரண்டு வயதுப் பிள்ளையின் உயரமே ஏறக்குறைய 2 அடி 10 அங்குலம். ஒன்றரை அடி என்பது அதன் தொப்புள் மட்டம். அந்த வயதில் உடம்போடு ஒப்பிட்டால் தலையின் பாரம் அதிகம். உள்ளே குனிந்த பிள்ளையால் தன்னை நிமிர்த்திக்கொள்ள முடியாது. தோய்க்கிற கல் மட்டுமல்ல. கிணற்றோடு ஒட்டிக் கட்டிய தொட்டியின் விளிம்பு, மோட்டர் வைத்த மேடை, கவிழ்த்து வைத்த வாளி, சாய்த்து வைத்த சைக்கிள் எல்லாம் படிதான். நிற்கக்கூடிய எந்த இடத்திலிருந்து அளந்தாலும் மூன்றரை அடிக்குக் குறையக்கூடாது. கட்டைச் சுற்றி மூன்று அடிக்குள் ஏறக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது. வாளியையும் சைக்கிளையும் நகர்த்திவிடலாம். சீமெந்தில் பதித்த கல்லையும் தொட்டியையும் நகர்த்த முடியாது. எனவே பெரும்பாலான வாடகை வீடுகளில் கிணற்றுக்கு மூடி போடுவதுதான் ஒரே வழி.

மூடி என்றதும் சிலர் நைலோன் வலையையோ பழைய மீன்வலையையோ விரித்துக் கட்டிவிடுவார்கள். அது இலை விழாமல் காக்கும், பிள்ளையைத் தாங்காது. வெயிலில் ஒரு வருடம் கிடந்த நைலோன் கையால் இழுத்தாலே அறும். அறாவிட்டாலும் நடுவில் தொய்ந்து, விழுந்த பிள்ளையைச் சுற்றிக்கொள்ளும். தறப்பாள் இன்னும் மோசம்: கீழே கிணறு இருப்பதே தெரியாது, தரை என்று நினைத்துக் காலை வைக்கும். தகரம் காற்றில் எழும்பும், விளிம்பு கையை வெட்டும், துருப்பிடித்தால் ஒரு மிதிக்கே உள்ளே போகும்.

வெல்டிங் கடையில் செய்விக்கும் இரும்புச் சட்ட மூடிதான் சரி. கட்டில் ஒரு துளைகூடப் போடாமல் இதை வைக்கலாம் என்பதால் வாடகைக்காரருக்கும் பொருந்தும். கட்டின் வெளிக் குறுக்களவு 7 அடி உள்ள கிணற்றை எடுத்துக்கொள்வோம். வட்டமாக வளைக்கச் சொன்னால் கூலி ஏறும். எண்கோணமாகச் செய்யச் சொல்லுங்கள். எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையில் 7 அடி 3 அங்குலம் வர வேண்டும் என்றால் ஒவ்வொரு பக்கமும் சரியாக 3 அடி. கட்டை விட 3 அங்குலம் கூட வைப்பதற்குக் காரணம், சட்டத்தின் எட்டுப் பக்கங்களிலும் 4 அங்குல நீளத்தில் கால்கள் கீழ்நோக்கி இறங்கிக் கட்டின் வெளிப்பக்கத்தைப் பிடிக்க வேண்டும். கால் இல்லாத மூடியைப் பிள்ளையே தள்ளி நகர்த்திவிடும். நகர்ந்தால் ஒரு பக்கம் வாய் திறக்கும், மறுபக்கம் தூக்கும்.

முழு மூடியை ஒருவரால் தூக்க முடியாது. நடுவால் இரண்டாகப் பிரித்து மூன்று கீல் போட்டால் கிணறு இறைக்கிற நாளில் ஒரு பாதியை மடித்து மற்றதன் மேல் போடலாம். சட்டத்துக்கு 1 அங்குலப் பொக்ஸ் பார், 20 அடி நீளத்தில் நான்கு. சுற்றுக்கு 24 அடி, நடுவில் இரண்டு பாதிகளுக்கும் ஏழே கால் அடிப்படி 14½ அடி, ஒவ்வொரு பாதிக்கும் இரண்டு குறுக்குச் சட்டம் என்று மொத்தம் 14 அடி, மிச்சம் கால்களுக்கும் வாளி வாசலுக்கும். மேலே 2 அங்குலக் கண் உள்ள வெல்ட் மெஷ், 4 அடி அகலத்தில் 15 அடி. கோழிக்கூட்டு வலையைப் போட விடாதீர்கள். அது முறுக்கிய மெல்லிய கம்பி, ஒரு முடிச்சு அறுந்தால் வரிசையாகப் பிரியும். வலையின் வெட்டுமுனைகள் சட்டத்தின் கீழ்ப்பக்கம் போக வேண்டும், இல்லாவிட்டால் கையைக் கிழிக்கும். கல்வனைசு செய்த இரும்பு கிடைத்தால் அதுவே நல்லது. கடல் எந்தப் பக்கமும் தூரமில்லாத ஊர் இது, உப்புக்காற்றில் வெறும் இரும்பு இரண்டு மாரிக்கு மேல் தாங்காது. வெல்டிங் பிடித்த இடங்களில் கல்வனைசு எரிந்து போயிருக்கும், அங்கேதான் துரு தொடங்கும். அந்த மூட்டுகளுக்கு ரெட் ஒக்சைட் இரண்டு பூச்சு அடித்து, அதன்மேல் பெயின்ற் அடியுங்கள்.

கடையிலிருந்து ஏற்ற முன் அங்கேயே சோதித்துப் பாருங்கள். விளிம்பு நான்கு கல்லின் மேல் தங்கும்படி மூடியை வைத்து, பெரியவர் ஒருவர் நடுவில் ஏறி நிற்க வேண்டும். ஒரு அங்குலத்துக்கு மேல் தொய்ந்தால் இன்னும் ஒரு குறுக்குச் சட்டம் போடச் சொல்லுங்கள். மூடி போட்ட பிறகு பெரியவர்கள் அதன்மேல் உட்காருவார்கள், பிள்ளைகள் குதிப்பார்கள். எத்தனை தரம் வேண்டாம் என்றாலும் அது நடக்கும்.

வாளி விடுவதற்கு ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு சின்ன வாசல் வேண்டும், கப்பிக்கு நேர் கீழே. மூடியின் பலமும் பலவீனமும் இந்த வாசலில்தான் இருக்கிறது. ஒரே வளவில் கீழே வீட்டுக்காரரின் சொந்தங்களும் மேலே வாடகைக்காரரும் இருந்தால், தண்ணீர் அள்ளுகிற யாரோ ஒருவர் வாசலைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போவார். அதனால் வாசல் தானாக மூட வேண்டும். இதற்கு ஸ்பிரிங் எதுவும் தேவையில்லை. கீலுக்குப் பின்னால் ஒரு சின்ன இரும்புத் துண்டை ஒட்டவைத்து, கதவு செங்குத்தாக நிமிரும் முன்பே தடுக்கும்படி செய்தால் போதும். கையை விட்டதும் தன் பாரத்தில் விழுந்து மூடிக்கொள்ளும். விழும்போது விரல் நசியாமல் விளிம்பின் இரண்டு மூலையிலும் பழைய ரயர் துண்டை வைத்துத் தைத்துவிடுங்கள். கொண்டி போட்டு ஆமைப்பூட்டு. சாவி கிணற்றடியில் அல்ல, குசினிக் கதவின் உட்புறம் ஐந்தடி உயரத்தில் ஓர் ஆணியில். மோட்டர்க் குழாய்க்குத் தனியாக ஒரு துளை விடச் சொல்லுங்கள். அதை மறந்துவிட்டுப் பிறகு குழாய்க்காக ஒரு பாதியைச் சற்றுத் தூக்கிவைக்கிற வீடுகள் உண்டு. அந்த இடைவெளிக்குள் பிள்ளை நுழையும். கடைசியாக, சட்டத்தையும் கப்பித்தூணையும் சேர்த்து ஒரு சங்கிலி கட்டிப் பூட்டிவிடுங்கள். கார்த்திகைப் புயற்காற்றுக்கும் அது பிடி.

இந்த மூடி நுளம்பைத் தடுக்காது. கிணறுகளிலும் டெங்கு நுளம்பின் குடம்பி காணப்படுவதுண்டு. மெஷ்ஷின் கீழ்ப்பக்கமாக நுளம்பு வலையை இழுத்துக் கட்டிவிட்டால் அதற்கும் பதில் கிடைத்துவிடும். பாரத்தைத் தாங்குவது இரும்பு, நுளம்பைத் தடுப்பது வலை என்று இரண்டு வேலையும் பிரிந்திருக்கட்டும்.

செலவு யாருடையது? வீட்டுக்காரரிடம் "கிணறு ஆபத்து" என்று முறைப்பாடு போல ஆரம்பித்தால், "இவ்வளவு காலமும் எங்கட பிள்ளையள் வளரேல்லையோ" என்ற பதில்தான் வரும். அளவோடும் படத்தோடும் போனால் பேச்சு வேறு மாதிரிப் போகும். வட்ஸ்அப்பில் இப்படி எழுதலாம்: "வணக்கம் அண்ணை. கிணற்றுக்கட்டு தோய்க்கிற கல்லிலயிருந்து ஒன்றரை அடிதான் இருக்கு, படம் போட்டிருக்கிறன். கட்டில துளை ஒண்டும் போடாமல் மேலே வைக்கிற இரும்பு மூடி ஒண்டு செய்விக்கப் போறன். வெல்டிங் கடைச் சிட்டையும் அனுப்பிறன். அரைவாசியை ரெண்டு மாத வாடகையில கழிக்கச் சம்மதமெண்டால் மூடியை வீட்டோட விட்டிட்டுப் போவன். இல்லாட்டி முழுச் செலவும் என்ர, போகேக்க கழட்டிக்கொண்டு போவன்." அவருக்குத் தெரிவு இரண்டும் தெளிவு, சுவருக்கும் சேதமில்லை. பதில் வந்ததும் அதை அக்ரிமென்ற்றில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். பதிலே வராவிட்டாலும் மூடியைப் போடுங்கள். கழற்றக்கூடிய பொருளுக்குப் பின்னர் சண்டை வராது.

விழுந்துவிட்டால்

தண்ணீரில் விழுந்த சின்னப் பிள்ளை கத்தாது. கைகாலடித்துச் சத்தம் போடும் என்பது பெரியவர்களின் நினைப்பு. மூச்செடுக்க முடியாதபோது குரலும் வராது. பிள்ளையைக் காணவில்லை என்றால் கட்டிலுக்குக் கீழேயும் பக்கத்து வீட்டிலும் தேடுவதற்கு முன் கிணற்றையும் தொட்டியையும் பாருங்கள்.

கிணற்றடியில் எப்போதும் இரண்டு பொருள் தொங்க வேண்டும்: காற்றடித்த ஒரு ரயர் ரியூப், அதோடு கட்டிய, கிணற்றின் ஆழத்தை விடப் பத்தடி நீளமான கயிறு. நீந்தவும் ஏறவும் தெரியாதவர் குதித்தால் தூக்க வேண்டியவர் இருவராகிவிடுவார். இறங்குகிறவர் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைக் கப்பித்தூணில் சுற்றிக்கொண்டு இறங்க வேண்டும்.

பிள்ளையை வெளியே எடுத்ததும் தலைகீழாகப் பிடித்துச் சுழற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் எங்கள் ஊரில் இன்னும் நடக்கிறது. செய்யாதீர்கள். அதில் நேரம் போகும். வயிற்றுத் தண்ணீரும் சாப்பாடும் மேலே வந்து மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். மூச்சு நின்று நாலைந்து நிமிடங்களில் மூளை பாதிக்கப்படத் தொடங்கும். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கக் கிடத்தி, நாடியைச் சற்று உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஐந்து தடவை ஊதுங்கள். நெஞ்சு உயர்வது தெரிய வேண்டும். கைக்குழந்தை என்றால் வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி ஊதுங்கள். பிறகும் அசைவில்லையென்றால் நெஞ்சின் நடுவில், நெஞ்சின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும் அளவுக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில் 30 தடவை அழுத்தி, இரண்டு தடவை ஊதி, மீண்டும் 30. ஒருவர் இதைச் செய்ய மற்றவர் 1990க்கு அழைக்க வேண்டும். இலவச அம்புலன்ஸ் சேவை அது. பிள்ளை அழுது எழும்பிவிட்டாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணித்தியாலங்கள் கழித்தும் மூச்சுத்திணறலைக் கொண்டுவரலாம்.

கிணறு அளவுக்குத் தொட்டியும் வாளியும் கொல்லும். இரண்டு அங்குலத் தண்ணீர் போதும், முகம் அமிழ்ந்தால். வாளிக்குள் தலைகுப்புற விழுந்த ஒரு வயதுப் பிள்ளையால் வாளியைச் சரிக்க முடியாது, ஏனென்றால் தண்ணீர் நிறைந்த வாளி பிள்ளையை விடப் பாரம். குளித்து முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வைப்பது பழக்கமாக வேண்டும். சீமெந்துத் தொட்டியை இரவில் நிரப்பி வைக்கிற வீட்டில் பலகை மூடியும் அதன்மேல் பூட்டும் வேண்டும். இல்லையேல் அடைப்பானைக் கழற்றி வெறுமையாக விடுங்கள். கிழமைக்கு ஒருமுறை வெறுமையாக்கித் தேய்த்தால் நுளம்பு முட்டையும் போகும்.

பக்கத்து வளவு

போரால் ஊரே வெளியேறிய 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வுக்குப் பிறகு திரும்பி வராத குடும்பங்களின் வளவுகள் இன்னும் ஊருக்குள் பற்றையாகக் கிடக்கின்றன. வேலி சரிந்து, கட்டு இடிந்து, நாயுண்ணியும் இப்பிலியும் மூடிய கிணறு அதற்குள் இருக்கும். வாடகைக்கு வந்தவருக்கு அது தெரியாது, அயலவருக்குத் தெரியும். முதல் கிழமையே பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள்: "உந்தப் பத்தைக்குள்ள கிணறு இருக்கோ?" இருந்தால் உங்கள் பக்க வேலியை முதலில் அடையுங்கள். கிடுகுவேலி என்றால் அடிப்பக்கம் நாய் நுழைகிற ஓட்டைதான் பிள்ளை நுழைகிற ஓட்டை. பனைமட்டையை நிலத்தில் அரை அடி இறங்கும்படி நெருக்கமாகப் புதைத்து இரண்டு வரிச்சுப் பிடித்தால் இரண்டு வருடம் நிற்கும். மட்டையின் கருக்கைச் சீவிவிட்டுப் புதையுங்கள். சீவாத கருக்கு அரிவாள் பல் மாதிரி. அதோடு கிராம சேவகரிடமும் பிரதேச சபையிலும் எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படிப்பட்ட காணியில் துருப்பிடித்த உலோகப் பொருள் எதுவும் போர்க்காலத்து வெடிபொருளாக இருக்கலாம், அதை எடுக்கவோ தட்டவோ கூடாது என்பதைப் பேசத் தெரிந்த பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். கண்டால் தொடாமல், வந்த வழியாலேயே திரும்பி வந்து 119இல் பொலிசுக்கு அறிவியுங்கள்.

உங்கள் வளவிலுள்ள மலக்குழியின் மூடியை மிதித்துப் பார்க்காதீர்கள். அலவாங்கின் பின்பக்கத்தால் மூடியைத் தட்டிப் பாருங்கள். திடமான சத்தம் வந்தால் சரி. உடைந்த சட்டிச் சத்தம் வந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்துச் சீமெந்து பிரிந்திருக்கிறது. தகரத்தாலும் பலகையாலும் மூடிய குழி உள்ள வீட்டை, சீமெந்து மூடி போட்ட பிறகுதான் எடுக்க வேண்டும். இது வாடகைக்காரர் செலவழிக்க வேண்டிய விடயமல்ல, இதில் விட்டுக்கொடுக்கவும் வேண்டாம். குழிக்குள் எது விழுந்தாலும் யாரும் இறங்கக்கூடாது. உள்ளே தேங்கும் நச்சுவாயு இறங்கியவரையும் சில மூச்சில் வீழ்த்திவிடும்.

மேல்வீடு

மேல்மாடியை மட்டும் வாடகைக்கு விடுவது நல்லூர், கொக்குவில், கோண்டாவில் பக்கமெல்லாம் இப்போது வழக்கம். படி வெளியால் ஏறும். அழகுக்காக வைத்த சீமெந்துக் கைபிடித் தூண்களின் இடைவெளி ஐந்து ஆறு அங்குலம் இருக்கும். பிள்ளையின் உடம்பு போகிற இடத்தில் தலை சிக்கும், அல்லது முழுவதுமே போய்விடும். 10 சென்ரிமீற்றர் அகலத்தில் ஓர் அட்டைத்துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள். அது தாராளமாக நுழைகிற இடைவெளி எல்லாம் அடைக்கப்பட வேண்டியவை. இதற்கும் வெல்ட் மெஷ்தான், ஆனால் 1 அங்குலக் கண். 2 அங்குலக் கண்ணில் சின்னக் கால் பதித்து ஏறிவிடும். பிள்ளை நிற்கிற உட்பக்கத்தில் வையுங்கள். வெளிப்பக்கம் கட்டினால் தூண்களின் அடிமேடையே ஏறுபடியாகிவிடும். அரை அடிக்கு ஒன்று வீதம் கறுப்பு கேபிள் ரையால் இறுக்குங்கள். வெள்ளை நிறத்தது வெயிலில் சீக்கிரம் நொறுங்கும். குறுக்குக் கம்பிகள் கிடையாக ஓடுகிற கைபிடி ஏணிக்குச் சமம். அதற்கு மெஷ் போதாது, வழுவழுப்பான பிளாஸ்ரிக் சீற்றை உட்பக்கம் போட வேண்டும்.

படியின் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் தனித்தனிச் சின்னக் கேற். மேல்முனைக் கேற் படிப்பக்கம் திறக்கக்கூடாது, மாடிப்பக்கம் இழுத்துத் திறப்பதாக இருக்க வேண்டும். படிப்பக்கம் திறந்தால், சாய்ந்து நிற்கும் பிள்ளையோடு சேர்ந்து கேற்றும் போகும்.

எங்கள் ஊர் வீடுகளில் இன்னொன்று உண்டு. அடுத்த தட்டு ஒருநாள் கட்டுவோம் என்று தூண்களின் கம்பியை மொட்டைமாடியில் மூன்று அடி நீட்டி விட்டிருப்பார்கள். ஓடுகிற பிள்ளையின் முகத்துக்கு நேரே அது நிற்கும். கம்பியை வெட்ட வீட்டுக்காரர் விடமாட்டார். அரை அங்குல பி.வி.சி. குழாயை வெட்டிக் கம்பிமேல் போட்டு நுனிக்கு மூடி போடலாம், ஆனால் அது அரைத் தீர்வு. கைச்சுவர் இல்லாத அந்தத் தட்டுக்குப் பிள்ளை போகவே கூடாது. வழியில் கதவு, கதவுக்கு மேலே கொண்டி.

கேற்

உருளி வைத்த தள்ளு கேற் பற்றி யாரும் யோசிப்பதில்லை. பத்தடி நீளமான இரும்புக் கேற் பெரியவர் ஒருவரை விடப் பல மடங்கு பாரம். மேலே இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் வழிகாட்டி உருளிகளில் ஒன்று தேய்ந்து கழன்றிருந்தால், அல்லது தண்டவாளத்தின் முடிவில் தடுப்புத் துண்டு இல்லாவிட்டால், வேகமாகத் தள்ளும்போது கேற் பிடியை விட்டு வெளியே போய்ச் சரியும். அதைத் தள்ளி விளையாடுவது பிள்ளைகள்தான். வீடு பார்க்கும்போதே இரண்டு முனைக்கும் தள்ளிப் பாருங்கள். முனையில் "டக்" என்று இரும்பில் மோதி நிற்க வேண்டும். மேற்பக்கத்தைப் பிடித்து ஆட்டுங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் ஆடினால் உருளி மாற்றும்வரை அந்தக் கேற்றைப் பூட்டி வைத்துச் சின்னப் படலையைப் பாவியுங்கள். தடுப்புத் துண்டு என்பது ஓர் உள்ளங்கை அளவு இரும்பு, வெல்டிங் கடைக்கு அரை மணித்தியால வேலை.

கேற் உட்கொண்டி பிள்ளைக்கு எட்டாத ஐந்தடியில் இருக்கட்டும். வளவுக்குள் வாகனம் பின்னுக்கு எடுக்கும்போது பிள்ளை ஒருவரின் கையில் இருக்க வேண்டும், வீட்டுக்குள் இருக்கிறது என்ற நம்பிக்கை போதாது. வான் ஒன்றின் பின்னால் நிற்கும் இரண்டு வயதுப் பிள்ளை எந்தக் கண்ணாடியிலும் தெரியாது.

மற்றவை

கிணற்று மோட்டருக்குப் போகும் வயர் தரையில் கிடந்தாலோ, நடுவில் ரேப் சுற்றிய மூட்டு இருந்தாலோ, ஈரக்காலோடு நிற்கிற பிள்ளைக்கு 230 வோல்ற் காத்திருக்கிறது. மின்பலகையில் ட்ரிப் சுவிட்ச்சைத் தேடி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 30 மில்லி அம்பியர் என்றிருந்தால்தான் ஆளைக் காப்பாற்றும். 100 என்பது பெரும்பாலும் தீயிலிருந்து வீட்டைக் காப்பதற்கு. மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள், விழாவிட்டால் எலக்ரீசியனைக் கூப்பிடுங்கள். வயரை மதில் ஓரமாகக் குழாய்க்குள் கொண்டுபோவது ஒருநாள் வேலை.

மண்ணெண்ணெய் மோட்டர் பாவிக்கிற வளவில் எண்ணெய் சோடாப் போத்தலில் இருக்கும். பிள்ளை அதைக் குடித்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். திரும்பி வரும்போது நுரையீரலுக்குள் போவதுதான் அதன் ஆபத்து. நேரே வைத்தியசாலை. வெங்காயத் தோட்டத்துக்குப் பக்கத்து வீடு என்றால் பூச்சிமருந்துப் போத்தல்களும் வேலியோரம் கிடக்கும், அவற்றையும் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள்.

செவ்வரளியும் மஞ்சள் அலரியும் வேலிக்கும் பூசைக்கும் வைத்தவை. இரண்டும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. மஞ்சள் அலரியின் பச்சைக் காயை உருட்டி விளையாடாத பிள்ளை இல்லை. சுவாமிக்குப் பூ வேண்டும் என்று மரத்தை வெட்ட வீட்டுக்காரர் மறுத்தால், நாலடிக்குக் கீழே உள்ள கிளைகளைக் கழித்து, காய்களைத் தினமும் கூட்டி எடுக்கவாவது சம்மதம் வாங்குங்கள். ஊமத்தை, குன்றிமணி, ஆமணக்கு ஆகியவற்றைக் கண்டால் வேரோடு பிடுங்கிவிடலாம், யாரும் கோபிக்கமாட்டார்கள்.

ஆடி ஆவணியில் பனம்பழம் விழும். பழம் ஒரு கிலோவுக்கும் மேல், விழுவது அறுபது எழுபது அடியிலிருந்து. மரத்தடியில் அந்த இரண்டு மாதமும் பிள்ளையின் விளையாட்டு வேண்டாம், காற்று நாளில் காவோலைக்கும் இது பொருந்தும்.

பாம்புக்குத் தேவை மறைவிடமும் எலியும். கிடுகுக் குவியல், பொச்சு, விறகு, வீட்டுக்காரர் விட்டுப்போன ஓடு, கல் ஆகியவற்றைச் சுவரிலிருந்து விலக்கி, நிலத்திலிருந்து ஓரடி உயர்த்தி அடுக்குங்கள். சுருட்டை விரியன் குடாநாட்டின் மணற்பாங்கான இடங்களில் சாதாரணம், சின்னது, கல்லுக்கடியில் கிடக்கும். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியும் அடையாளமும் இல்லாமல் இருக்கலாம். காலையில் பிள்ளை இமை திறக்க முடியாமல், வயிற்றுவலியோடு எழும்பினால் அதையும் சந்தேகியுங்கள். கடித்தால் இறுக்கிக் கட்டாமல், கீறாமல், விஷக்கல் வைக்காமல், கடிபட்ட உறுப்பை அசையவிடாமல் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.

நாய் கடித்தால், கீறினால்கூட, ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போங்கள்.

இவ்வளவையும் எப்போது செய்வது? குடிபுகுந்த பிறகு ஆறுதலாகச் செய்யலாம் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். ஆனால் சாமான் இறக்குகிற நாளை விடப் பொல்லாத நாள் வேறில்லை. லொறிக்காகக் கேற் அகலத் திறந்திருக்கும், பெரியவர்கள் எல்லோர் கையிலும் பாரம் இருக்கும், பால் காய்ச்ச வந்த சொந்தங்கள் ஒவ்வொருவரும் பிள்ளை மற்றவரிடம் இருக்கிறது என்று நினைப்பார்கள், பிள்ளைக்கோ வளவு முழுவதும் புதிது. சாவி கையில் வந்ததிலிருந்து குடிபுகும் நாள்வரை ஒரு கிழமையாவது இடைவெளி கேளுங்கள். கிணற்று மூடியும் படிக்கேற்றும் லொறிக்கு முன்னே வந்து சேரட்டும். பிள்ளையை அன்றைக்கு அம்மம்மா வீட்டில் விடுங்கள். லொறி போய், கேற் சாத்தி, மூடி பூட்டி, சாவி குசினி ஆணியில் ஏறிய பிறகு போய்க் கூட்டி வாருங்கள்.